தீங்குப் பால்

அக்டோபர் 14, 1983
ஓக்கா நதிக்கரை

அன்புள்ள அர்க்காஷாவுக்கு,

உன் ரிம்மா எழுதுவது. நான் நலம். நீயும், நிலையத்தில் உன்னோடு இருக்கும் ஆறு பேரும், காரணமில்லாமல் குரைக்கும் அந்த நாயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் விமானம் ஏறி, மூட்டம் விலகக் காத்திருந்து, கரா கடல் ஓரத்தில் இருக்கும் உன் கைக்கு வருவதற்குள் நவம்பர் பிறந்துவிடும். அதனால் அவசரமானதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குத்தான் கை வரவில்லை. முட்டைக்கோஸிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வருடம் பதினைந்து கிலோ உப்பில் போட்டிருக்கிறேன். நசுக்கிவிட ஆள் இல்லாமல் நானே கை சிவக்கப் பிசைந்தேன். மேலே வைக்கும் கல்லை நீ எங்கே வைத்தாய் என்று தேடித் தேடிச் சலித்து, கடைசியில் உன் தொழில்நுட்பக் கையேடுகளைத் துணியில் சுற்றி ஏற்றி வைத்தேன். நல்ல கனம். முதல் தடவையாக அவை வீட்டுக்கு உதவின. சமையலறை ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்தாகிவிட்டது. கணப்புக் குழாய்களில் இன்னும் வெந்நீர் வரவில்லை. பதினைந்தாம் தேதி என்று சொன்னால் பதினைந்துதான், அதற்கு முன் உறைந்து செத்தாலும் விடமாட்டார்கள்.

இனி விஷயம்.

ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தில் கையை நீட்டி இரத்தம் கொடுத்தாயே. நேல்யா ஊசி குத்தியபோது, "உங்க ஊசி பரவாயில்லைங்க, எங்க வீட்டுக்காரி பேச்சு இதைவிட ஆழமா இறங்கும்" என்றாய். அவள் அதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரத்தத்தைப் பற்றித்தான்.

நாங்கள் செய்வது என்னவென்று அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரே ஆளின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து இரண்டு குழாய்களில் விடுவோம். இரண்டிலும் அவரை விதைச் சாறு ஒவ்வொரு சொட்டு. கிருமி வந்துவிட்டது என்று அந்தச் சாறு அணுக்களை ஏமாற்றும். தூங்கிக் கிடக்கும் அணுக்கள் விழித்து, பருத்து, இரண்டாகப் பிரியத் தயாராகும். ஒரு குழாய் மூன்று நாள் அலைப்பெட்டியில் இருக்கும். அங்கே மிக மெல்லிய நுண்ணலை அதன்மேல் பட்டுக்கொண்டிருக்கும், கையை வைத்தால் சூடுகூடத் தெரியாத அளவுக்கு. இன்னொன்று அதே மூன்று நாள், அலை இல்லாத சூட்டுப்பெட்டியில். இரண்டிலும் உடம்புச் சூடு, முப்பத்தேழு டிகிரி. பிறகு நான் நுண்ணோக்கியில் உட்கார்ந்து, ஆயிரம் அணுவில் எத்தனை விழித்தன என்று எண்ணுவேன். எது எந்தக் குழாய் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிச் சில்லில் நேல்யா எழுதிய எண் மட்டும்தான் தெரியும்.

வசந்தகாலத்தில் பழைய கருவியில் செய்தபோது இரண்டு குழாய்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகஸ்டில் புதிய அலைக்கருவி வந்தது. அது முதல் யார் இரத்தமானாலும் அலை பட்ட குழாயில் விழித்தவை அதிகம். எப்போதும் அதிகம். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ஃபயீனா மார்க்கொவ்னா ஒரு வாரமாகச் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்துக்கொண்டே நடக்கிறார். பன்னிரண்டு வருடமாக அவர் தேடியது இதுதான். ஆனால் அவருக்கு அதில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. "கூப்பிடாத நேரத்துல முழிச்சுக்கிற காவல்காரன் என்னிக்காவது வீட்டுக்காரனையே அடிப்பான், ரிம்மா" என்றார்.

நேற்று நான் ஒரு தப்புச் செய்தேன். நேல்யாவைக் கெஞ்சி அவள் நோட்டைத் திறக்கவைத்து, உன் எண் எது என்று பார்த்தேன். சூட்டுப்பெட்டியில் இருந்த உன் குழாயில் ஆயிரத்துக்கு நானூற்றுப் பத்து. அலைப்பெட்டியில் இருந்ததில் ஐந்நூற்றுத் தொண்ணூறு. அர்க்காஷா, மூன்று நாளுக்கே இப்படி என்றால், ஆறு வருடமாக அந்தச் சுழலும் ராடார் சட்டிக்குக் கீழே நிற்கிறவனுக்கு எப்படி?

மார்ச் முதல் தேதி அடுத்த மூன்று வருடத்துக்கு உன்னைக் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதே. வந்துவிடு. பனிக்கு நடுவே கப்பல்களுக்கு வழிகாட்டுவது உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கும் கடையில் ஆள் தேவை என்று பலகை தொங்குகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. கிளாவா அத்தை கொடுத்து வைத்திருந்த குழந்தை வண்டியை இரண்டாம் மாடிக்குத் திருப்பி இறக்கிக் கொடுத்துவிட்டேன். "ஏண்டி, அது என்ன சோறா கேக்குது? மூலையில நின்னா நிக்கட்டுமே" என்றாள். அதைப் பார்க்க முடியவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. உன் இரத்தத்தின் எண்ணிக்கை தெரிந்த பிறகு அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? உங்கள் நிலையத்தில் ராடார்காரனுக்குப் பெண்பிள்ளைதான் பிறக்கும் என்று கேலி பேசுவீர்களாம். எனக்கு இப்போது அந்தக் கேலி பிடிக்கவில்லை.

ஒரே ஒரு நல்ல செய்தி. புதிய கருவியோடு சேர்த்து எங்களையும் தீங்கு வேலைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள் அல்லவா, அந்தக் கெடுதலை ஈடுகட்ட என்று தினமும் ஆளுக்கு அரை லிட்டர் தீங்குப் பால் இலவசமாகத் தவறாமல் வருகிறது. ஆகஸ்டில் நீ இரண்டு கோப்பை குடித்துவிட்டு மீசையைத் துடைத்தாயே, அந்தத் தயிரை இப்போதும் உறைய வைக்கிறேன். இந்தக் குளிரிலும் கத்தியால் வெட்டலாம்போல் உறைகிறது. எங்கே வைத்து என்று கேட்காதே, அது ஆய்வுக்கூட ரகசியம்.

கையுறை போட்டுக்கொள். என் பேச்சைக் கேள்.

உன் வருகையை எண்ணிக்கொண்டிருக்கும்,
ரிம்மா


டிசம்பர் 18, 1983

அன்புள்ள அர்க்காஷாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கே வரி. "சரி, மார்ச்சில் கையெழுத்துப் போடமாட்டேன். நிலையத் தலைவரிடம் பேசிவிட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தது சரிதான். தொலைக்காட்சிக் கடையில் இன்னும் பலகை தொங்குகிறதா என்று பார்." ஆறு வருடத்தில் நீ எனக்கு எழுதிய கடிதங்களில் கேலி இல்லாத கடிதம் இது ஒன்றுதான். மூன்றாவது வரியைப் படித்துவிட்டுச் சமையலறையில் ரொம்ப நேரம் நின்றேன்.

நீ கோபப்பட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கருவிகளைச் சோதித்து முத்திரை போட இக்னாத் சவேலிச் என்று ஒரு பெரியவர் வருவார். மரப்பெட்டியில் வெப்பமானிகளைக் குழந்தைபோல் தூக்கி வருவார். அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. செவ்வாய்க்கிழமை வந்தார். எங்கள் சூட்டுப்பெட்டியைக் காலையில் காலியாக வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு, கொஞ்சமும் பிசகில்லை. முத்திரை போடுவார் என்று நேல்யா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அவர் போடவில்லை. "காலி வீட்டுல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். குடித்தனம் நடக்கும்போதுதான் பாக்கணும்" என்றார். மேலே இருக்கும் துளை வழியாகத் தன் வெப்பமானியை இறக்கிவிட்டு, மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கிட்டு தினமும் செய்யறதைச் செய்யுங்க" என்றார்.

சொன்னபடியே செய்தோம். குழாய்த் தட்டை உள்ளே வைத்தோம். ஒன்பதரைக்குப் பால் வந்தது. முற்றத்தில் சறுக்குவண்டியில் நின்ற பால், புட்டி ஓரமெல்லாம் பனி. நான்கு பேர் பங்கு, இரண்டு லிட்டர். நான் அதை மூன்று லிட்டர் ஜாடியில் ஊற்றி, ஒரு கரண்டி புளித்த பாலாடை சேர்த்து, மேலே துணி கட்டி, சூட்டுப்பெட்டியைத் திறந்து, குழாய்த் தட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திவிட்டு, ஜாடியை உள்ளே வைத்தேன். ஆகஸ்டிலிருந்து தினமும் செய்வதுதான். அவர் கண் முன்னாலேயே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன்.

கால்மணி நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு நல்லாத் தெரியுமாம்மா உனக்கு? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார்.

முப்பத்திரண்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முப்பத்து நாலு. மூன்று மணிக்கு முப்பத்தாறு. ஐந்து மணிக்கு, ஜாடியை வெளியே எடுக்கும் நேரத்தில், சரியாக முப்பத்தேழு. மறுநாள் காலை பெட்டியின் வெப்பமானியைப் பார்த்து நேல்யா நோட்டில் எழுதுவாள், முப்பத்தேழு என்று. அவள் எழுதியதில் பொய்யே இல்லை. பால் வருவதற்கு முன் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இக்னாத் சவேலிச் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏம்மா, நீங்க அணுவுக்கு வைத்தியம் பாக்குறீங்களா, மாட்டுப் பண்ணை நடத்துறீங்களா?" என்றார். நேல்யா, சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு, "தாத்தா, ஒரு கோப்பை சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் போடலாம்" என்றும் சொன்னார். ஆனால் முத்திரை போடவில்லை. "நான் பெட்டிக்குத்தான் முத்திரை போடுவேன், ஜாடிக்கு இல்ல. நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்க" என்று மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். நீ என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறவன். அலை பட்ட அணுக்கள் அளவுக்கு மீறி விழிக்கவில்லை, அர்க்காஷா. அலை படாத அணுக்கள்தான், என் பால் ஜாடிக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு, சரியாக விழிக்கவில்லை. அலைக்கருவி வந்த வாரமே பாலும் வந்தது. நாங்கள் எல்லோரும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஜாடியை ஒருவரும் பார்க்கவில்லை. அலை கெடுதல் செய்யும் என்று கொடுத்த பால், அந்தக் கெடுதலைத் தானே செய்து காட்டியிருக்கிறது. ஜாடியை அங்கே வைக்கலாம் என்று கண்டுபிடித்த புத்திசாலி நான்.

உன் நானூற்றுப் பத்தும் அந்த ஜாடியின் பக்கத்தில் இருந்ததுதான். கோடையிலும் பால் குளிர்ப்பெட்டியிலிருந்துதான் வரும். அந்தத் தயிரைத்தான் நீ இரண்டு கோப்பை குடித்தாய்.

நேல்யா சொல்கிறாள், "ஜாடியை எடுத்துட்டா முடிஞ்சு போச்சு. நீயும் நானும் வாயைத் திறக்கலேன்னா யாருக்குத் தெரியப் போகுது? அம்மா ஜனவரி இருபதாம் தேதி மாஸ்கோவில கட்டுரை படிக்கப் போறாங்க, இப்பப் போயி தயிருன்னா அவங்க மூஞ்சியை எங்க வெச்சுக்குவாங்க? பாலையும் நிறுத்திடுவாங்கடி!" அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பால் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஃபயீனா மார்க்கொவ்னாவை அம்மா என்று நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம். இந்தக் கருவிக்காக அவர் ஐந்து வருடம் மனு எழுதினார். நான்கு மாதமாக அவர் நிமிர்ந்து நடக்கிறார். அதை நான் போய் உடைக்க வேண்டும்.

ஐந்து நாளாகச் சொல்லவில்லை. அவர் மாஸ்கோவில் இருந்தார் என்பது ஒரு சாக்கு. தொலைபேசி இருக்கிறது. நாளைக் காலை ரயிலில் வருகிறார். உன் மூன்றாவது வரி மட்டும் வராமல் இருந்திருந்தால் நேல்யா சொன்னபடி கேட்டிருப்பேனோ என்னவோ. உண்மையை எழுதுகிறேன், எனக்குத் தெரியவில்லை.

என் அடுத்த கடிதம் வரும் வரைக்கும் யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்லாதே. புத்தாண்டுக்கு உனக்கு மாண்டரின் பழம் அனுப்ப வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரோடு தீர்ந்துபோனது. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஒன்று கொஞ்சம் நீளம், அது இடது காலுக்கு.

நாளை எனக்கு நாக்கு எழ வேண்டும் என்று வேண்டிக்கொள்.

உன் அசடு,
ரிம்மா


பிப்ரவரி 9, 1984

அன்புள்ள அர்க்காஷாவுக்கு,

முதலில் அந்தத் தந்தி. நேற்று நான் கொடுக்கப் போன வாசகம் வேறு. "மறுப்பு எழுதாதே. தயிர் காரணம். கடிதம் வருகிறது" என்று எழுதி நீட்டினேன். தபால் அலுவலகப் பெண்மணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தயிர் காரணம்னா என்னம்மா அர்த்தம்? வடக்கே ராடார் நிலையத்துக்கு ரகசியக் குறிப்பெல்லாம் நாங்க அனுப்பறதில்லை" என்றாள். தயிர் என்றால் தயிர்தான் என்று சொன்னேன். "அப்படின்னா இன்னும் சந்தேகமா இருக்கே" என்றாள். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். கடைசியில் "நலம். முடிவு எடுக்காதே. கடிதத்துக்குக் காத்திரு" என்று மாற்றிக் கொடுத்தேன். நீ பயந்திருக்கக் கூடாது. பயப்பட ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ஃபயீனா மார்க்கொவ்னாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அறைக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் தொப்பியில் இருந்த பனி உருகிக் காகிதங்கள்மேல் சொட்டியது. பிறகு "எத்தனை லிட்டர்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "தட்டுக்கு எந்தப் பக்கம்?" இடப்பக்கம். "எத்தனை மணிக்கு வெச்சு எத்தனை மணிக்கு எடுப்பே?" எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், வேறு யாரோ செய்த பரிசோதனையைக் கேட்டு எழுதுவதுபோல. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். "நானும்தானேடி தினமும் சாப்பிட்டேன். நாலு மாசமா என் ஆராய்ச்சியை நானே கரண்டி போட்டு வழிச்சுத் தின்னிருக்கேன்" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் பழைய குரல். "ரிம்மா, உனக்குத் தண்டனை உண்டு" என்றார். தண்டனை என்ன தெரியுமா? மறுபடி ஜாடியை வைக்கச் சொன்னார். அலையே இல்லாமல், ஒரு சூட்டுப்பெட்டியில் ஜாடியோடு குழாய்கள், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கடன் வாங்கிய இன்னொன்றில் ஜாடி இல்லாமல் குழாய்கள். நான் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் எண் மட்டும் பார்த்து எண்ணினேன். ஆகஸ்டிலிருந்து நாங்கள் அலையின் வேலை என்று கொண்டாடிய வித்தியாசம் அப்படியே வந்தது. அலை ஒரு பொட்டுக்கூட இல்லாமல்.

அதன் பிறகு ஜாடியை அலமாரியில் பூட்டிவிட்டு, புதிதாகப் பன்னிரண்டு பேரிடம் இரத்தம் வாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். ஜனவரி இரண்டாம் தேதி ஊரே தூங்கியபோது நாங்கள் இருந்தோம். நேல்யா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள், ஆனால் வந்தாள். இந்தத் தடவை நோட்டு ஃபயீனா மார்க்கொவ்னாவின் மேஜையில் பூட்டி இருந்தது, கெஞ்சினாலும் திறக்காது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு குழாயும் ஒன்றுதான். இரண்டு பேருக்கு அலைக்குழாயில் கொஞ்சம் அதிகம். ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஒரே சில்லை இரண்டு முறை எண்ணினாலே அந்த அளவு தப்பும்.

அதனால் அலை ஒன்றுமே செய்யாது என்று அர்த்தமா என்று அவரைக் கேட்டேன். "அப்படியும் எழுத மாட்டேன். தெரியலேன்னு எழுதுவேன். மூணு நாள், ரெண்டு குழாய், பன்னிரண்டு பேர். இதுல பெரிசா எதுவும் தெரியலே, சின்னதா எதாவது இருக்கான்னு இன்னும் பாக்கணும்" என்றார். உனக்கும் நான் அதையேதான் சொல்ல முடியும், இதைவிட இனிப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கப்பல்காரர்களுக்குச் செய்து காட்டும் வித்தை ஒன்று உண்டே, அலை வரும் குழாயின் வாயில் கையைக் காட்டிக் குளிர் காய்வது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். உள்ளங்கை காயும் அளவு அலை வேறு, நாங்கள் அளக்கும் அலை வேறு. அதில் சந்தேகமே கிடையாது, ஃபயீனா மார்க்கொவ்னா உன் காதைத் திருகச் சொன்னார்.

மாஸ்கோவில் அவர் என்ன செய்தார் என்று கேள். நிறைந்த மண்டபத்தில் ஏறி, ஜாடியின் அளவிலிருந்து பாலாடைக் கரண்டிவரை எல்லாவற்றையும் படித்தார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனதாம். ஒருவர் எழுந்து, செய்முறையை முழுதாகச் சொல்லும்படி கேட்டாராம். ஆனால் கோட்டு மாட்டும் இடத்தில் மூன்று ஆய்வுக்கூடத் தலைவர்கள், ஒருவர் பின் ஒருவராக, அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார்களாம். ஒருவருடைய ஆட்கள் சூட்டுப்பெட்டியில் காளான் உலர்த்துகிறார்களாம். இன்னொருவருடையதில் ரொட்டி மாவு புளிக்கிறது. மூன்றாமவர் "எங்கதிலும் தயிர்தாங்க" என்றாராம். எங்கள் ஃபயீனா மார்க்கொவ்னா திரும்பி வந்தபோது சிகரெட்டைப் பற்றவைக்க மறக்கவில்லை. நிமிர்ந்துதான் நடந்தார். பால் நிற்கவில்லை. அலையைப் பற்றி இன்னும் தெரியவில்லை என்பதால் தீங்கு வேலைதான் என்று எழுதிவிட்டார்களாம், நேல்யா என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது கணப்புக் குழாய்மேல் வைத்து உறைய வைக்கிறோம். பழைய மாதிரி வரவில்லை. இக்னாத் சவேலிச் வந்து முத்திரை போட்டுவிட்டு, "தயிர் கெட்டுப்போச்சு, அறிவியல் தேறிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை எழுதியது எல்லாம் சுலபமாக எழுதியது. இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

அக்டோபரில் உன் எண்ணைப் பார்த்தபோது நான் பயந்தேன். அது பொய்யில்லை. ஆனால் பயத்துக்குள் இன்னொன்றும் இருந்தது. உள்ளுக்குள் ஒருத்தி, இனி அவன் வந்துதானே ஆக வேண்டும் என்று சந்தோஷப்பட்டாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு என்ற எண்ணை நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினேன் என்று ஜனவரி முழுக்க நுண்ணோக்கியில் உட்கார்ந்து யோசித்தேன். ஆறு வருடமாக உன்னை வா என்று கூப்பிட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வெறுமனே வா என்று சொன்னால், கப்பல்களைப் பனிக்குள் விட்டுவிட்டு ஏன் வர வேண்டும் என்று நீ கேட்பாயோ என்று பயம். அலை காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. பிடித்துக்கொண்டேன். அந்தக் காரணத்தால் நீ பதில் எழுதும்போது வண்டியைப் பற்றிய அந்த மூன்றாவது வரியை எழுத வேண்டி வந்தது. அதற்காக என்னை மன்னித்துவிடு.

இப்போது காரணம் இல்லை. உன் இரத்தத்தில் ஒரு குறையும் நான் காணவில்லை. மார்ச் முதல் தேதி உன் மனத்துக்குப் பட்டதைச் செய். கையெழுத்துப் போட்டால், அங்கே ஒரு நுண்ணோக்கிக்காரிக்கு வேலை இருக்குமா என்று உன் தலைவரைக் கேட்டு எழுது. வானிலைப் பலூன் ஊதவும் எனக்குத் தெரியும் என்று சொல், கற்றுக்கொள்கிறேன். போடவில்லை என்றால் தொலைக்காட்சிக் கடைப் பலகை இன்னும் தொங்குகிறது, உன்னை நினைத்து யாரும் எடுக்கவில்லை. எதுவானாலும் மே மாதம் விடுமுறைக்கு வா. ஃபயீனா மார்க்கொவ்னாவுக்கு ஜாடி இல்லாத உன் குழாய்கள் வேண்டும். எனக்கு நீ வேண்டும். வெறுமனேதான் சொல்கிறேன், வா.

ஞாயிற்றுக்கிழமை கிளாவா அத்தை வீட்டுக்குப் போய் வண்டியைக் கேட்டேன். "அதுல உருளைக்கிழங்கு கொட்டி வெச்சிருக்கேனே. வேற பெட்டி எங்கிட்ட இல்லை. வேணும்னா கிழங்கோட எடுத்துக்க, எனக்கு எதுக்கு இவ்வளவு" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து படிக்குப் படி முட்டுக்கொடுத்து நான்காம் மாடிக்கு ஏற்றினோம். இப்போது வண்டி நம் ஜன்னல் ஓரம் நிற்கிறது, முப்பது கிலோ கிழங்கோடு. தினமும் இருவேளை கிழங்குதான் சாப்பிடுகிறேன். நேல்யாவுக்கும் கொடுத்தனுப்புகிறேன். மே மாதத்துக்குள் காலி செய்து, துடைத்து, வெயிலில் வைத்துவிடுவேன்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன்,
ரிம்மா